எங்கள் வளவில் ஓடிய இரண்டு கரண்ட் எஞ்சின்

கரண்ட் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஊருக்குக் குடிபோன ஆட்கள் நாங்களாகத்தான் இருப்போம். கொழும்பில் வாடகை வீட்டில் இருந்தோம். வீட்டில் லைற் இருந்தது, மேசைக் காற்றாடி இருந்தது, எனக்கு ஒரு மின்சார இஸ்திரிப்பெட்டி கூட இருந்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர்காவற்றுறைத் தீவில் இவருடைய தாய்வழி வளவுக்கு, வீடும் கிணறும் தோட்டமுமாகக் கிடந்த காணிக்கு, வந்தோம். "அங்கை இன்னும் கரண்ட் வரேல்லை" என்றார் இவர். வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இவர் என்றால் என் கணவர். மின்சார வேலை படித்த மனிதர். ஐம்பதுகளின் கடைசியில் பயிற்சிக்கென்று இங்கிலாந்துக்குப் போய், அங்கே ரயில் எஞ்சின் செய்யும் ஓர் இடத்தில் இருந்துவிட்டு வந்தவர். கலியாணமான புதிதில் மற்றப் பெண்களுக்குப் புருசன்மார் என்ன கதைத்தார்களோ எனக்குத் தெரியாது. எனக்கு இவர் எஞ்சின் கதைதான் கதைத்தார்.

"ஒரு பாதையிலை ஒரு மாதிரிக் கரண்ட் போகும். அடுத்த பாதையிலை வேறை மாதிரிக் கரண்ட். சாதாரண எஞ்சின் எல்லையிலை வந்து நிண்டிடும். அதைக் கழட்டிப்போட்டு வேறை எஞ்சின் கொழுவ வேணும். நாங்கள் செய்த எஞ்சின் நிக்காது. ஓடிக்கொண்டே மாறும்."

"நீங்கள் என்னத்தைச் செய்தனீங்கள்? ஸ்க்ரூ முறுக்கினனீங்கள்."

"ஓம், முறுக்கினனான்தான். ஆனால் முதல்முதல் ஓடிப் பார்த்த அண்டைக்கு நான் உள்ளுக்கை நிண்டனான்."

அந்த முதல் ஓட்டத்தைச் சொல்லும்போது மனிதரின் முகத்தைப் பார்க்க வேண்டும். எல்லை வரும்போது மேலே கம்பியில் கரண்டே இல்லாத ஒரு துண்டு இருக்குமாம். எஞ்சினுக்குள் எல்லாச் சத்தமும் அடங்கிப்போய், இரும்பு தன் பாரத்தில் தானாக உருண்டுகொண்டிருக்குமாம். பிறகு மறுபக்கத்துக் கரண்ட் பிடித்து மீண்டும் உறுமுமாம். "அந்த நடுத்துண்டிலை எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனாங்கள்" என்பார். எங்கள் நாட்டிலும் ஒருநாள் கரண்டில் ரயில் ஓடும், அன்றைக்குத் தான் இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. எனக்கு அந்தக் கதை பாடமாகிவிட்டது. அலுத்தும் போனது. ஆனால் அது நின்றுபோன பிறகுதான் அதன் அருமை தெரிந்தது.

நின்றுபோனது இப்படித்தான். கொழும்பில் இவர் வேலை செய்தது எரிந்த மோட்டர்களுக்குத் திரும்பக் கம்பி சுற்றிக்கொடுக்கும் ஒரு சிறிய இடத்தில். அங்கே இவரோடு ஒரே மேசையில் வேலை செய்த சிநேகிதர், கரண்ட் நிற்பாட்டியிருக்கிறது என்று நினைத்து ஒரு கம்பியில் கை வைத்தார். கரண்ட் நிற்பாட்டியிருக்கவில்லை. ஆள் அந்த இடத்திலேயே போய்விட்டார். இவர் ஒரு எட்டுத் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். விசாரித்தார்கள். ஒருவரிலும் பிழை இல்லை என்று முடிந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் லைற் சுவிச்சைப் போடுவதும் நூர்ப்பதும் என் வேலையானது. இவர் இருட்டில் கதிரையில் இருப்பார். நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தால் வந்து சுவிச்சைப் போட்டால்தான் வெளிச்சம். ஒரு மனிதர் இப்படி இருக்கிறதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் இருக்க முடியும்? தீவுக்குப் போவோம் என்று இவர் சொன்னவுடன் நான் பள்ளிக்கூட மாற்றத்துக்கு எழுதிப்போட்டேன்.

தீவு இவருக்கு நல்லாத்தான் பிடித்தது. அரிக்கன் லாம்பும் குப்பி விளக்கும் இவரை ஒன்றும் செய்யாது. தோட்டத்துக்கு நீர் இறைக்கும் மண்ணெண்ணெய் மெஷின், வள்ளத்துக்குப் பூட்டுகிற மோட்டர், எது பழுதென்றாலும் தேடி வருவார்கள். எண்ணெயும் நெருப்பும் இவருக்குப் பயமில்லை. வயர் உள்ள சாமான் ஏதும் கொண்டுவந்தால் மட்டும் "உது எனக்கு ஏலாது" என்று சொல்லி அனுப்பிவிடுவார். ஊருக்கு அது விளங்கவில்லை. இங்கிலாந்தில் படித்த மனிதர் ஒரு ரேடியோப் பெட்டியைத் தொட மாட்டாராம் என்று கதைத்தார்கள். எனக்குக் காதில் விழும்போதெல்லாம் ஆத்திரம் பத்திக்கொண்டு வரும்.

வளவின் ஒரு பக்கத்தில் இவருடைய அக்கா இருந்தா. எனக்கு மச்சாள். விரதமும் கோயிலுமாக இருக்கிற, நல்ல மனசும் நீளமான நாக்கும் உள்ள மனுசி. மறுபக்கத்து வேலிக்கு அப்பால் ஒரு சம்மாட்டியார், வள்ளமும் வலையும் வைத்துக் கடல் தொழில் செய்விக்கிறவர். மாதா கோயில் ஆட்கள். அவரை நான் அண்ணை என்பேன். அவர் என்னை ரீச்சர் என்பார், இவரைத் தம்பி என்பார்.

எல்லாம் திரும்பத் தொடங்கியது அந்தச் சம்மாட்டியாரால்தான். ஒருநாள் லொறி பற்றரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். வலை பொத்துகிற கொட்டிலுக்கு ஒரு சின்ன பல்ப் கொழுவித் தரச் சொன்னார். இவர் வழக்கம்போல ஏலாது என்றார்.

"தம்பி, இது கடிக்காது. நான் நாக்காலையும் தொட்டுப் பார்த்திட்டன்" என்றார் அவர்.

"நாக்காலை ஏன் தொட்டனீங்கள்?"

"கை ஈரமாயிருந்தது."

இவர் சிரித்தார். தீவுக்கு வந்து நான் பார்த்த முதல் சிரிப்பு அது. பன்னிரண்டு வோல்ட் பற்றரி. யாரையும் கொல்லாது என்று இவருக்குத் தெரியாதா? கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வயரை எடுத்துச் சீவி, கொழுவிக் கொடுத்தார். அந்தக் கிழமையே ஊர்காவற்றுறைக்குப் போய், உடைந்த லொறி ஒன்றின் கண்ணாடி துடைக்கிற மோட்டரை வாங்கிக்கொண்டு வந்தார். என்னத்துக்கென்று கேட்டேன். "சும்மா ஒரு விளையாட்டுக்கு" என்றார். இந்த மனிதர் விளையாடி நான் கண்டதில்லை.

இப்படித்தான் எங்கள் வளவில் எஞ்சின் வேலை தொடங்கியது. கைப்பெட்டி அளவான எஞ்சின். எழுபதுகளின் தொடக்கம் அது, வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் நாட்டுக்குள் வராத காலம். கடையில் ஒரு முழச் செப்புக் கம்பி இராது. எரிந்த மோட்டர்களைப் பிரித்து, கம்பியை உருவி, வேலியில் கட்டி நேராக்கினார். தண்டவாளத்துக்கு இரும்புப் பட்டையை விளிம்பில் நிறுத்தி, பனஞ்சலாகையைக் குறுக்குக் கட்டையாகப் போட்டார். கிணற்றடியில் தொடங்கி முருங்கை மரத்தைத் தாண்டி மச்சாள் வீட்டுப் பின்பக்கம் வரை பாதை போனது. பாதைக்கு மேலே முழங்கால் உயரத்தில் கம்பி. எஞ்சின் தலையில் ஒரு வளைந்த செப்புக் கை நின்று அந்தக் கம்பியை உரசிக் கரண்ட் எடுக்கும். அதற்கு இங்கிலீசில் பெரிய பேர் ஒன்று உண்டு. நாங்கள் கொம்பு என்றோம்.

ஊர்ச் சிரிப்பைக் கேட்க வேண்டுமா? ரயில் பார்க்கவேண்டுமென்றால் யாழ்ப்பாணம் ஸ்டேசனுக்குப் போகவேண்டிய தீவு இது. "எப்ப நயினாதீவுக்கு ரயில் விடுறியள்? எனக்கு யன்னலோரமா ஒரு கோணர் சீற் வேணும்" என்று வாசல் படலையடியில் நின்று கேட்பார்கள். மச்சாள் என்னிடம் வந்து, "பிள்ளை, உவனுக்கு விசர் கிசர் பிடிச்சிட்டுதோ?" என்று காதுக்குள் கேட்டா. "பிடிச்சிருந்த விசர் இப்பதான் விடுகுது மச்சாள்" என்றேன். அவவுக்கு விளங்கவில்லை. நான் விளக்கவும் இல்லை.

இவருடைய திட்டம் இதுதான். பாதையின் முதல் பாதியில் பற்றரிக் கரண்ட், பன்னிரண்டு வோல்ட். மறு பாதியில் வீடுகளுக்கு வருகிற கரண்ட், இருநூற்று முப்பது. நடுவில் கரண்ட் இல்லாத ஒரு துண்டு. எஞ்சின் நிற்காமல் ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போக வேண்டும். இங்கிலாந்தில் பார்த்ததை வாழைக்குலை அளவுக்குச் சுருக்கிச் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "மற்றக் கரண்டுக்கு எங்கை போறது? இஞ்சை அது இல்லையே" என்று கேட்டேன். "இல்லைத்தானே" என்றார். அந்தப் பதிலில் இருந்த நிம்மதி எனக்கு அப்போதே உறைத்தது. வராத கரண்டுக்காக ஒரு பாதி, அந்தப் பாதி வெறுமனே கிடக்கும், யாருக்கும் ஆபத்தில்லை. பயந்த மனிதருக்கு இதைவிட வசதியான எஞ்சின் வேறென்ன?

முதல் பாதி ஓடியது. ஆனால் நடுத்துண்டில் வந்து கடலில் கிடக்கிற மரக்கட்டை மாதிரி நின்றுவிடும். தகரத்தில் செய்த எஞ்சின், பாரமில்லை, கரண்ட் விட்டவுடன் சோர்ந்துவிடும். கைவிடுவாரோ என்று பயந்தேன். ஒருநாள் இறங்குதுறையில் மோட்டர் வள்ளங்கள் வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கரைக்கு முன்னமே மோட்டரை நிற்பாட்டிவிடுவார்கள். வெறும் வள்ளம் எட்டவே நின்று தடி ஊன்றும். சாமான் ஏற்றிய வள்ளம் தன்பாட்டில் வந்து சேரும். இவர் என் கையைப் பிடித்து, "பார்த்தீரோ" என்றார். பத்துப் பேர் பார்க்கக் கையைப் பிடிக்கிற மனிதர் இல்லை இவர். வீட்டுக்கு வந்ததும் சம்மாட்டியாரிடம் வலையில் கட்டுகிற ஈயக்குண்டுகளை வாங்கி எஞ்சினின் வயிற்றுக்குள் நிரப்பினார். அதற்குப் பிறகு அது நடுத்துண்டைத் தாண்டி, கரண்டில்லாத மறு பாதிக்குள் கொஞ்சத் தூரம் உருண்டு போய் மரியாதையாக நின்றது. அதோடு வேலையும் நின்றது. கடற்காற்றுக்குச் செப்புக் கம்பி பச்சை பிடிக்கும். கிழமைக்கொருக்கால் அதைத் தேய்த்து மினுக்குவார், முதல் பாதியில் ஓட்டிப் பார்ப்பார், சாக்கால் மூடுவார். இப்படியே காலம் போனது.

பிறகு கரண்ட் கம்பி இழுக்கிற போஸ்ற் மரங்கள் வந்தன. லொறியில் கொண்டுவந்து இறக்கி, வீதி நீளத்துக்குக் குழி வெட்டினார்கள். ஊரே போய் நின்று பார்த்தது. சம்மாட்டியார் வீட்டுக்குக் கரண்ட் வந்தது, ரேடியோப் பெட்டியில் பாட்டுக் கேட்டது. மச்சாள் சாமியறைக்கு ஒரு சிவப்பு பல்ப் போட்டுவித்தா. எங்களுக்கு மட்டும் வேண்டாம் என்று இவர் எழுதிக்கொடுத்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை.

கேளாததுதான் எனக்குச் சுட்டது. பள்ளிக்கூடத்தால் வந்து, கொப்பிகளை மேசையில் வைத்துவிட்டு, நேரே பின்வளவுக்குப் போனேன். இவர் சாக்கைத் தூக்கி எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குக் கரண்ட் வேண்டாம். சரி. அப்ப உதை ஏன் துடைக்கிறியள்?"

"ஏன், என்ன?"

"உங்கடை கண்டறியாத எஞ்சினைச் சொல்லுறன். இரண்டு கரண்ட் எஞ்சின் எண்டு ஊரெல்லாம் சொல்லியாச்சு. பற்றரியிலை ஓடுறது ஒரு கரண்ட். மற்றது எங்கை? வரட்டும் வரட்டும் எண்டியள். இப்ப வேலிக்கு அங்காலை வந்து நிக்குது. இனி என்ன சாட்டுச் சொல்லப்போறியள்?"

இவர் எஞ்சினையே துடைத்துக்கொண்டிருந்தார். நான் விடவில்லை. "பயம் எண்டால் பயம் எண்டு சொல்லுங்கோ. எனக்கும் பயம்தான். நீங்கள் இருட்டுக்கை கதிரையிலை இருந்த காலம் திரும்பி வந்திடுமோ எண்டு எனக்குப் பயம். எனக்கு லைற் வேண்டாம். நீங்கள் வேணும்."

கடுமையாகத்தான் சொன்னேன். அதற்காக இன்றைக்கும் வருந்தவில்லை. இவர் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவினார், அவ்வளவுதான். நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். சில நாள் கழித்து விடியப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும்போது, "இஞ்சாரும், வரேக்கை கொஞ்சம் மெழுகுக் கடதாசி வாங்கிக்கொண்டு வாரும்" என்றார். என்னத்துக்கு என்றேன். "ரான்ஸ்போமர் சுத்தப்போறன். பெரிய கரண்டைச் சின்னதாக்க வேணுமெல்லே." நான் பஸ்ஸில் இருந்து அழுதேன். பக்கத்தில் இருந்த மனுசி கண்ணுக்குள் தூசோ என்று கேட்டா.

இனி எஞ்சினுக்கு இரண்டு கொம்பு. பழைய கொம்பு பற்றரிக் கம்பிக்கு. புதிய கொம்பு பெரிய கரண்டுக்கு. நடுத்துண்டில் நிலத்தில் ஒரு கட்டை நிற்கும். எஞ்சின் அதைக் கடக்கும்போது அடியிலுள்ள ஒரு தடியை அது தட்டும். உடனே பழைய கொம்பு படுத்துவிடும், புதிய கொம்பு எழும்பும். வள்ளத்துப் பாய்மாதிரி ஒன்று இறங்க மற்றது ஏறும். இந்தத் தட்டலைச் சரிவரச் செய்ய மாதக் கணக்கானது. ஒருக்கால் இரண்டும் எழும்பி நிற்கும், ஒருக்கால் இரண்டும் படுத்துவிடும். இவர் புறுபுறுத்துக்கொண்டே திருத்துவார். நான் குசினிக்குள் நின்று அந்தப் புறுபுறுப்பைக் கேட்டுக்கொண்டே சமைப்பேன். கடைசியில் சரிவந்தது.

கரண்டைச் சம்மாட்டியார் வீட்டிலிருந்து வேலிக்கு மேலால் எடுப்பதென்று முடிவானது. முருங்கை மரத்தில் ஒரு பலகை அடித்து, அதில் ஒரு சுவிச்சும், பிடுங்கினால் கரண்ட் அறுந்துபோகிற ஒரு பியூஸும் பூட்டப்பட்டன. கம்பி பெரிய கரண்டென்றபடியால் பாதையின் அந்தப் பாதிக்கு இரண்டு பக்கமும் கயிறு கட்டினார், ஒருவரும் உள்ளே கால் வைக்கக் கூடாது என்றார். எல்லாம் வேலிக்கு இங்காலை கரண்ட் வரமுதல் செய்கிற வேலை. இவர் கை வைத்தது எதிலும் கரண்ட் இல்லை. கரண்ட் வருகிற நாளைக்கு என்ன செய்வதென்றும் இவரே சொல்லிவிட்டார். "சுவிச்சை அண்ணை போடுவார். நான் கிணற்றடியிலை நிக்கிறன்." அரை மனசுதான். எனக்கு அதுவே பெரிய காரியமாகத் தெரிந்தது. இது ஓடினால் மனிதர் மீண்டு வந்துவிடுவார், ஓடாவிட்டால் இனி ஒருநாளும் வரமாட்டார் என்று எனக்குள் ஒரு கணக்கு. நேர்த்தி வைக்காத கோயில் இல்லை. சம்மாட்டியார் வீட்டுக்காரியிடம் சொல்லி மாதாவுக்கும் மெழுகுதிரி கொளுத்துவித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வைத்தோம். மாதா கோயில் பூசை முடிந்து சம்மாட்டியார் வீட்டாரும் வரலாம். மச்சாளின் சொல்லுப்படி ராகுகாலம் தொடங்கமுதல் ஓட்டிவிடவும் வேண்டும். ஊரில் பாதி வளவுக்குள் நின்றது. சிரிக்க வந்தவர்கள்தான் கூட. இவர் வெள்ளை வேட்டியும் சேட்டும் போட்டுக்கொண்டு கிணற்றடியில் நின்றார். பற்றரியை நானே கொழுவினேன். எஞ்சின் புறப்பட்டது. முதல் பாதி பிசகில்லாமல் போனது. நடுத்துண்டு வந்தது. சத்தம் அடங்கியது. கட்டை தட்டியது. பழைய கொம்பு படுத்து, புதிய கொம்பு எழும்பியது. ஈயத்தின் பாரத்தில் உருண்டு பெரிய கம்பிக்குக் கீழே போனது. சம்மாட்டியார் சுவிச்சை முன்னமே போட்டிருந்தார்.

எஞ்சின் நின்றுவிட்டது.

நான் இவரைப் பார்த்தேன். முகத்தில் இரத்தம் இல்லை. கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு எஞ்சினில் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இவ்வளவு காலம் இந்த மனிதர் உனக்குச் செய்ததற்கு நீ செய்கிற கைம்மாறு இதுவோ என்று அந்தத் தகரத்தைத் தூக்கி எறிய வேண்டும்போல இருந்தது. சம்மாட்டியார் சுவிச்சைத் தட்டிவிட்டு, "நிப்பாட்டியாச்சு" என்றார். நான் கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனேன். கொம்பு கம்பியில் முட்டுகிறதா என்று பார்க்கக் கையை நீட்டினேன்.

"தொடாதையும்!"

இவருடைய குரல் அவ்வளவு உரத்து நான் கேட்டதில்லை. கிணற்றடியிலிருந்து ஓடி வந்தார். வேட்டி கயிற்றில் சிக்கி, அதை இழுத்துக்கொண்டே வந்து, என் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். நான் பனஞ்சலாகைக் குவியலில் போய் விழுந்தேன். பிறகு கனபேர் என்னிடம், "நீ வேணுமெண்டுதானே உள்ளுக்குப் போனனீ, மனுசனை வரப்பண்ணத்தானே?" என்று கேட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு மூளை எனக்கு இல்லை. எனக்கு வந்தது வெறும் கோபம்.

இவர் முருங்கை மரத்தடிக்குப் போனார். சுவிச் நிற்பாட்டியிருப்பதைப் பார்த்தார். அது போதாது அவருக்கு. பலகையிலிருந்து பியூஸைப் பிடுங்கித் தன் சேட் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டார். பிறகு கம்பியடிக்கு வந்து, கரண்ட் இருந்தால் பத்துகிற ரெஸ்ரரை வைத்துப் பார்த்தார். வெளிச்சமில்லை. இடது கையைப் பின்னால் மடித்து வைத்துக்கொண்டு, வலது கையின் புறங்கையால் மெதுவாகக் கம்பியைத் தொட்டார். நிலத்தில் இருந்தபடியே பார்த்தேன். தொட்டது தொட்டபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குனிந்து புதிய கொம்பைப் பார்த்தார், விரலால் சுரண்டினார், மணந்து பார்த்தார்.

"அக்கா" என்றார். "இதிலை சந்தனம் பூசினது ஆர்?"

மச்சாள் முன்னுக்கு வந்தா. ஒரு கூச்சமும் இல்லை. "நான்தான். விடியக் குளிச்சுப்போட்டு வந்து பூசினனான். புது வள்ளத்துக்குப் பூசுறேல்லையே? புதுச் சைக்கிளுக்குப் பூசுறேல்லையே?"

"பழைய கொம்புக்குப் பூசேல்லை?"

"பழசுக்கு ஏன்? புதுசுக்குத்தானே பூசுறது."

சந்தனம் காய்ந்து பொருக்காகி, நடுவில் குங்குமம் வேறு. கொம்பு கம்பியில் முட்டிக்கொண்டுதான் நிற்கிறது, ஆனால் கரண்ட் சந்தனத்தைத் தாண்டி வர ஏலாது. இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தோள் குலுங்கியது. ஐயோ, மனிதர் அழுகிறார் என்று நான் எழும்பினேன். அழவில்லை. சிரிக்கிறார். வாய்விட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். சம்மாட்டியார் சிரிக்க, ஊர் சிரிக்க, மச்சாள் மட்டும், "சாமிச் சந்தனம் கரண்டை மறிக்குமோ, பேய்க்கதை" என்று முணுமுணுத்தா.

வேட்டித் தலைப்பால் கொம்பைத் துடைத்தார். பற்றரியைக் கழற்றச் சொல்லி, கொம்புகளைப் பழையபடி மாற்றி, எஞ்சினை நடுத்துண்டுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார். எல்லோரையும் கயிற்றுக்கு வெளியே போகச் சொன்னார். பொக்கற்றிலிருந்து பியூஸை எடுத்துப் பலகையில் செருகினார். சம்மாட்டியார் சுவிச்சுக்குக் கையை நீட்டினார்.

"விடுங்கோ அண்ணை" என்றார் இவர். "நான் போடுறன்."

போட்டார். நான் பற்றரியைக் கொழுவ, எஞ்சின் அதில் ஓடி, நடுத்துண்டில் சத்தமில்லாமல் உருண்டு, கொம்பு மாறி, பெரிய கம்பியில் பிடித்து உறுமிக்கொண்டு மச்சாள் வீட்டுப் பின்பக்கம் வரை போனது. ஓடியபடியே மாறியது. ஒரு கணமும் நிற்கவில்லை. கோணர் சீற் கேட்டவர் கைதட்டத் தொடங்க, மற்றவர்களும் தட்டினார்கள். நான் தட்டவில்லை. எனக்கு எஞ்சினைப் பார்க்கவே தோன்றவில்லை. சுவிச்சில் இருந்த இவருடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனம் போன பிறகு எங்களுக்கும் சம்மாட்டியாருக்கும் தேத்தண்ணி போட்டேன். அவர்தான் கேட்டார், "ஏன் தம்பி, நான் சுவிச் நிப்பாட்டினனான்தானே, பிறகு ஏன் பியூஸைப் பிடுங்கிப் பொக்கற்றுக்கை போட்டது?"

இவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அண்டைக்கு என்ரை சிநேகிதன் பியூஸைப் பிடுங்கி மேசையிலை வைச்சவன். ஆரோ ஒருத்தர், கழண்டு விழுந்து கிடக்குது எண்டு நினைச்சு, திருப்பிப் பூட்டிவிட்டிட்டார். நல்லதுக்குத்தான் செய்தவர். நானும் அந்த மேசையடியிலைதான் நிண்டனான். பியூஸ் மேசையிலை இருக்கிறதைக் கண்டனான். எடுத்துப் பொக்கற்றுக்கை போட வேணும் எண்டு எனக்குத் தோன்றேல்லை."

இத்தனை வருசம் என்னிடம் சொல்லாததை ஒரு தேத்தண்ணிக் கோப்பைக்கு மேலால் சொல்லி முடித்தார். சம்மாட்டியார் இவருடைய முழங்காலில் கையை வைத்தார். நான் மூன்று பேருக்கும் இன்னொருக்கால் தேத்தண்ணி ஊற்றினேன்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் லீவு. விடிய வீதிக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளைத்தாச்சிப் பெண் படலையடிக்கு வந்தாள். புருசன் அனலைதீவில் வேலையாம், வீட்டில் இரண்டு நாளாக லைற் பத்தவில்லையாம், யாரைக் கேட்பதென்று தெரியவில்லையாம். இவரைக் கேட்க அவளுக்கு இன்னும் துணிவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். நான் வாய் திறக்கமுதல் இவர் உள்ளே போய் ரெஸ்ரரை எடுத்துச் சேட் பொக்கற்றில் செருகிக்கொண்டு வந்துவிட்டார். செருப்பைப் போட்டார். "கவனம்" என்றேன்.

"கவனம்தான்" என்றார். படலையைத் திறந்தவர் திரும்பிப் பார்த்து, "இஞ்சாரும், வந்து எங்கடை வீட்டுக்கும் வயர் இழுப்பம். குசினிக்கை பல்ப் எந்த இடத்திலை வேணும் எண்டு யோசிச்சு வையும்" என்றார்.

நான் குசினிக்குள் போய் நின்று கூரையைப் பார்த்தேன். அடுப்புக்கு மேலேயோ, அம்மியடியிலோ, வாசலோரமோ, ஒன்றும் யோசிக்க ஏலவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிப்போய்க் கிடந்தது. வீதியின் அந்தப் பக்கத்தில் இவர் அந்தப் பெண்ணிடம், "முதலிலை மெயின் சுவிச்சைக் காட்டும் பிள்ளை" என்று சொல்லுவது, வேலை தெரிந்த ஒரு மனிதரின் குரலில், எனக்கு வடிவாகக் கேட்டது.